பெயர் நீக்கப்பட்ட ஆசிரியர்

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு நடைபெற்றது. சிறந்த புதுமுக எழுத்தாளருக்கான விருதைப் பெறுவதற்கு மேடையேறியவர் ஹொங்கொங்கில் பிறந்த ஜெனெட் இங் என்னும் பெண் எழுத்தாளர். தாம் பெறும் விருது எவருடைய பெயரைத் தாங்கியிருந்ததோ, அந்த மனிதரையே ஒரு பாசிசவாதி என்று கூறி அவர் தமது உரையை ஆரம்பித்தார். அதன்பின் இரண்டு வாரங்கள்கூடச் செல்லவில்லை. விருதை வழங்கி வந்த நிறுவனம் அப்பெயரை நீக்கி வேறு பெயர் சூட்டியது. பெயர் நீக்கப்பட்டவர் ஜோன் வுட் கெம்பல். அப்போது அவர் இறந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிதாகச் சூட்டப்பட்ட பெயரோ, அவர் ஏறத்தாழ 34 ஆண்டுகள் நடத்திய சஞ்சிகையின் பழைய பெயரான 'அஸ்டவுண்டிங்' என்பதாகும். அவரை விலக்க முற்பட்டவர்களாலும் அவருடைய மேசையை விட்டு அதிக தூரம் செல்ல முடியவில்லை.

எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகள் ஏராளமாக எழுதப்படுகின்றன. சஞ்சிகை ஆசிரியர்களின் வரலாறுகள் எழுதப்படுவது அரிது. அச்சில் வரும் கதையின் மேல் எழுத்தாளரின் பெயர் இருக்கும். அக்கதையை மூன்று தடவை திருப்பி அனுப்பி நான்காவது தடவை ஏற்றுக்கொண்டவரின் பெயர் அங்கு இராது. அவர் ஏற்க மறுத்த படைப்புகள் எவையென்பது வாசகருக்குத் தெரியவருவதுமில்லை. இத்தொழிலில் உள்ளவர்கள் என்ற முறையில், அவ்விரு பக்கங்களும் ஒருங்கே வெளிச்சத்துக்கு வந்துவிட்ட கெம்பலின் வாழ்வு நமது கவனத்தை ஈர்க்கின்றது.

கெம்பல் 1910 ஜூன் 8 ஆம் திகதி அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் உள்ள நியூவார்க் நகரிற் பிறந்தார். தந்தை மின் பொறியியலாளர். உணர்ச்சிகளை வெளிக்காட்டாத கண்டிப்பானவர். தாயாருக்கு அச்சொட்டான இரட்டைச் சகோதரி ஒருவர் இருந்தார். அந்தச் சின்னம்மாவுக்குச் சிறுவன் மீது சற்றும் பிரியமில்லை. பாடசாலையிலிருந்து ஓடி வந்து தாயென்று எண்ணிக் கதை சொல்லத் தொடங்கும் சிறுவன், எதிரில் நிற்பவர் தாயல்லர் என்பதை அவருடைய உதாசீனத்திலிருந்தே அறிந்துகொள்வானாம். பெற்றோர் பின்னர் பிரிந்தனர். விடுதிப் பாடசாலைக் கல்வி சான்றிதழ் இன்றியே முடிந்தது. ஆயினும் 1928 இல் புகழ்பெற்ற மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பௌதிகவியலில் திறமை காட்டிய மாணவரை அங்கிருந்து வெளியேற்றியது ஜேர்மன் மொழிப் பாடமாகும். அதில் சித்தியடையத் தவறியதால் அவர் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கு பட்டம் பெற்றார். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்திலேயே ஜோசப் ரைன் என்பவர் புலன்கடந்த அறிவு பற்றிய தமது பரிசோதனைகளை நடத்திக்கொண்டிருந்தார். இத்தகவலை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக, பின்னர் தேவைப்படும்.

மாணவப் பருவத்திலேயே கெம்பல் எழுதத் தொடங்கிவிட்டார். 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற சஞ்சிகை ஏற்றுக்கொண்ட அவருடைய முதற் கதையின் பிரதியை அதன் ஆசிரியரே தொலைத்துவிட்டார். இளம் எழுத்தாளரிடம் மறுபிரதி இருக்கவில்லை. எனவே இரண்டாவதாக ஏற்கப்பட்ட கதையே 1930 ஜனவரியில் முதலில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 19. நட்சத்திர மண்டலங்களைத் தகர்க்கும் ஆயுதங்களும் ஒளியை விஞ்சிப் பறக்கும் கலங்களும் நிறைந்த அந்த ஆரம்பகாலக் கதைகள் அன்றைய இளைஞர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. இன்று அவற்றைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும்.

1934 இல் அவர் வேறொரு பெயருக்குள் புகுந்துகொண்டார். மனைவி டோனா ஸ்டுவர்ட்டின் பெயரைத் திரித்து டொன் ஏ. ஸ்டுவர்ட் என்ற புனைபெயரில் எழுதிய 'ட்வைலைட்' என்னும் கதை, இயந்திரங்கள் தாமாகவே இயங்கிக்கொண்டிருக்க, அறியும் ஆவலை இழந்துவிட்ட மனித குலத்தின் அந்திப் பொழுதைக் கூறுவது. அதில் வெடியோசை இல்லை, துயரம் இருந்தது. இப்பெயரில் வெளிவந்தவற்றுள் 1938 ஓகஸ்ட்டில் அச்சான 'ஹூ கோஸ் தேர்?' என்ற குறுநாவலே தலைசிறந்தது. தென்துருவப் பனிப்பாறையிலிருந்து ஆய்வாளர்கள் அகழ்ந்தெடுத்த ஒரு வேற்றுக்கிரக உயிரி, நாயாகவும் மனிதனாகவும் உருமாறுகிறது. பக்கத்திலிருக்கும் சகா உண்மையில் சகாதானா என்பது எவருக்கும் தெரியவில்லை. இக்கதை 1951, 1982, 2011 ஆகிய ஆண்டுகளில் திரைப்படங்களாயிற்று. ஒரே முகங்கொண்ட இரு பெண்களுக்கிடையில் தாயைத் தேடிய சிறுவனை விமர்சகர்கள் இக்கதையிற் காண்பதில் வியப்பில்லை.

கார் விற்பனை உட்படப் பல தொழில்களிற் காலந்தள்ளிய கெம்பலுக்கு, 1937 ஒக்டோபரில் நியூயோர்க்கின் 'ஸ்ட்ரீட் அன்ட் ஸ்மித்' வெளியீட்டகம் 'அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்' சஞ்சிகையின் ஆசிரியர் பதவியை வழங்கியது. மலிவுத் தாளில் அச்சாகி, அருவருப்பான அரக்கர்களையும் அலறும் பெண்களையும் அட்டையில் தாங்கி வந்த சஞ்சிகைகளின் காலம் அது. புதிய ஆசிரியர் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, 1938 இல் சஞ்சிகையின் பெயரோடு விஞ்ஞானப் புனைகதை என்ற சொல்லைச் சேர்த்தமையாகும். அதைவிடப் பெரிய மாற்றம் அவர் எழுத்தாளர்களிடம் கேட்டதில் இருந்தது. எதிர்கால நூற்றாண்டொன்றில் வெளிவரும் சாதாரண சஞ்சிகையில் ஒரு சாதாரண சமூகக் கதையாக அச்சாகக்கூடிய கதையைத் தாருங்கள் என்றார். விண்கலம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அதில் வாழ்பவன் விளக்கிக்கொண்டிருக்கமாட்டான். அதில் ஏறிச் சென்று தன் அலுவலைப் பார்ப்பான். இவ்வொரு நிபந்தனை ஓர் இலக்கிய வகையின் நடையையே மாற்றிவிட்டது.

1938 ஜூன் மாதத்தில் ஒரு நாள், புரூக்ளினில் இனிப்புக் கடை நடத்தும் யூதக் குடியேறி ஒருவரின் 18 வயது மகன், தான் எழுதிய முதற் கதையோடு சுரங்க ரயிலில் வந்து கெம்பலின் அறைக்குள் நுழைந்தான். ஆசிரியர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவனோடு உரையாடினார். இரண்டொரு நாட்களிற் கதை திரும்பி வந்தது. கூடவே அதன் குறைகளை விளக்கும் இரண்டு பக்கக் கடிதமும் வந்தது. மறு மாதம் அவன் அடுத்த கதையோடு வந்தான். அதுவும் திரும்பியது. அவ்விளைஞன்தான் ஐசாக் அசிமோவ். தன் படைப்பை மறுத்த மனிதரைத் தன்னை உருவாக்கியவர் என்று வாழ்நாள் முழுவதும் போற்றிய எழுத்தாளர் அவர். ஒரு மறுப்புக் கடிதத்தை இரண்டு பக்கங்களில் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். பெரும்பாலான ஆசிரியர்கள் அதைச் செய்வதில்லை. நாமும் செய்ததில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

1939 கோடைகால இதழ்களை இன்று புரட்டுவோர் வியக்காதிருக்க முடியாது. ஜூலை இதழில் அசிமோவும் வான் வோட்டும், ஓகஸ்ட்டில் ரொபர்ட் ஹைன்லைன், செப்டெம்பரில் தியோடர் ஸ்டேர்ஜன் என்று அச்சஞ்சிகையில் முதன்முறையாக எழுத வந்தவர்கள் பின்னர் ஒரு தலைமுறையின் பெரும் பெயர்களாயினர். ஒரு சொல்லுக்கு ஒரு சதம் என்பதே அன்றைய வழக்கமான சன்மானம். அதே ஆண்டில் கெம்பல் 'அன்னோன்' என்ற பெயரில் மாயக் கதைகளுக்கான மற்றொரு சஞ்சிகையையும் தொடங்கினார். யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாடு 1943 இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது.

அவர் தாம் கதை எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு, தமது எண்ணங்களைப் பிறருக்கு வழங்கத் தொடங்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே நட்சத்திரங்கள் தோன்றினால் மனிதர் இறைவனின் நகரத்தை நினைந்து எவ்வளவு போற்றுவர் என்று எமர்சன் எழுதியதை அசிமோவிடம் எடுத்துக்காட்டி, தமது அபிப்பிராயத்தில் அவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார் கெம்பல். அதிலிருந்து பிறந்ததே 1941 செப்டெம்பரில் வெளிவந்த 'நைட்ஃபோல்'. ஆறு சூரியன்கள் ஒளிரும் உலகில் பல நூற்றாண்டுகளுக்கு ஒரு முறை வரும் இருளைப் பற்றிய அக்கதையின் முடிவுக்கு அண்மையில், ஆசிரியர் ஒரு பந்தியைத் தாமாகவே எழுதிச் சேர்த்துவிட்டார். பூமியைப் பற்றி எவரும் அறிந்திராத அவ்வுலகில் பூமியின் பெயர் அப்பந்தியில் வருவது அசிமோவுக்கு உறுத்தலாகவே இருந்தது. வாசகர் பலர் விசேடமாகப் பாராட்டியதும் அந்தப் பந்தியைத்தான் என்பது அவருடைய மற்றொரு மனக்குறை.

ரோபோக்களுக்கான மூன்று விதிகள் என உலகம் அறிந்தவையும் 1940 டிசெம்பரில் அந்த அறையில் நிகழ்ந்த உரையாடலிற் பிறந்தவையே. அவற்றை வகுத்தவர் கெம்பல் என்றார் அசிமோவ். அசிமோவின் கதைகளில் ஏற்கெனவே இருந்தவற்றையே தாம் எடுத்துச் சொன்னதாகக் கூறினார் கெம்பல். தமக்கு உரிமை கோராத ஆசிரியரை அங்கு காண்கிறோம். தாம் விரும்பியதைப் பெறும்வரை விடாத ஆசிரியரை 1954 இல் வெளிவந்த 'த கோல்ட் ஈக்குவேஷன்ஸ்' கதையிற் காணலாம். அளந்து நிரப்பிய எரிபொருளுடன் மருந்து எடுத்துச் செல்லும் விண்கலத்தில் ஒளிந்துகொண்ட இளம்பெண்ணை வெளியே தள்ளாவிடில் மற்றவர்கள் மடிவர். எழுத்தாளர் டொம் கொட்வின் ஒவ்வொரு தடவையும் அவளைக் காப்பாற்ற ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்தார். மூன்று தடவைகள் கதை திருப்பி அனுப்பப்பட்டது. இறுதியில் அவள் இறந்தாள். இரக்கம் பௌதிக விதியை வெல்லாது என்பது கெம்பலின் கட்சி. அப்படியொரு கலத்தை எவரும் இரக்கமின்றி வடிவமைக்க வேண்டியதில்லையே என்று பிற்கால விமர்சகர்கள் கேட்டனர். நமக்கும் அக்கேள்வி நியாயமாகவே படுகின்றது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது நிகழ்ந்த சம்பவமொன்று கெம்பலின் புகழைச் சஞ்சிகை வாசகர்களுக்கு அப்பாலும் கொண்டுசென்றது. 1944 மார்ச் இதழில் கிளீவ் கார்ட்மில் எழுதிய 'டெட்லைன்' என்னும் கதை வெளிவந்தது. வேற்றுலகொன்றில் நடப்பதாகச் சொல்லப்பட்ட அக்கதையில் யுரேனியம் 235 ஐப் பிரித்தெடுத்து அமைக்கப்படும் குண்டு பற்றிய விபரங்கள் இருந்தன. இலக்கியத்தரம் சொல்லும்படியாக இல்லை. அச்சு நாடுகள், நேச நாடுகள் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களைத் தலைகீழாக எழுதி எதிரணிகளுக்குச் சூட்டும் அளவில்தான் அதன் கற்பனை நின்றது. ஆனால் லொஸ் அலமோஸில் அணுகுண்டைத் தயாரித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் படித்துத் திடுக்கிட்டனர். புலனாய்வு அதிகாரிகள் கெம்பலின் அலுவலகத்துக்கு வந்தனர். அவ்விபரங்களைத் தாமே எழுத்தாளருக்கு வழங்கியதாகவும், அவை யாவும் யுத்தத்துக்கு முன்னர் பகிரங்கமாக வெளியான விஞ்ஞானக் கட்டுரைகளில் உள்ளவை எனவும் கெம்பல் விளக்கினார். அணுசக்திக் கதைகளைத் திடீரென நிறுத்தினால் வாசகர்களுக்குச் சந்தேகம் எழும் என்பது அவருடைய வாதம். இரகசியம் எதுவும் கசியவில்லை என்ற முடிவுடன் விசாரணை ஓய்ந்தது. தமது சந்தாதாரர் பலர் ஒரே காலத்தில் நியூமெக்சிகோவின் தபாற்பெட்டி ஒன்றுக்கு முகவரி மாற்றியதிலிருந்தே அங்கு என்ன நடக்கிறது என்பதைத் தாம் ஊகித்ததாகப் பின்னாளில் அவர் சொல்லி வந்தார். நல்ல கதைசொல்லிகள் தமது வாழ்வையும் சற்றுத் திருத்தி எழுதுவர் என்பதை மனதிற்கொண்டு இதைக் கேட்பது நன்று.

இலங்கை வாசகருக்கு நெருக்கமான பெயரொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. பிரித்தானிய விமானப் படையில் ராடார் பிரிவிற் பணியாற்றிய ஆர்தர் சி. கிளார்க், யுத்தம் முடிந்த கையோடு அனுப்பிய கதைகளைக் கெம்பல் ஏற்று, 1946 ஏப்ரல், மே இதழ்களில் வெளியிட்டார். தொழில்முறை எழுத்தாளராகக் கிளார்க்கின் பயணம் அங்கு ஆரம்பமாயிற்று. பத்தாண்டுகளின் பின்னர் இத்தீவுக்கு வந்து குடியேறி, 2008 மார்ச் 19 இல் கொழும்பில் மறையும் வரை அவர் இங்கேயே வாழ்ந்தார். அவர் மிகவும் நேசித்து எழுதிய 'அகெய்ன்ஸ்ட் த ஃபோல் ஒஃப் நைட்' என்னும் நெடுங்கதையைக் கெம்பல் மறுத்துவிட்டார். 1948 இல் அதை வெளியிட்டது போட்டிச் சஞ்சிகையொன்று.

1950 ஆம் ஆண்டைக் கெம்பலின் வாழ்வில் ஒரு பிரிகோடாகக் கொள்ளலாம். அவருடைய சஞ்சிகைக்குச் சாகசக் கதைகள் எழுதி வந்த எல். ரொன் ஹபார்ட், உள்ளத்தின் நோய்களைத் தீர்க்கும் புதிய விஞ்ஞானம் ஒன்றைக் கண்டறிந்ததாகக் கூறினார். தமது நாட்பட்ட பீனிச நோய் அதனாற் குணமானதாக நம்பிய கெம்பல், அவ்வாண்டு மே இதழில் 'டைனெட்டிக்ஸ்' பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அதற்கென அமைக்கப்பட்ட நிறுவனத்திலும் பொறுப்பேற்றார். ஆதாரம் எங்கே என்று ஒவ்வொரு கதையிலும் கேட்டவர், இங்கு அதைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தை விட்டு விலகினார். ஹபார்ட் சில ஆண்டுகளில் அதனைச் சயன்டோலொஜி என்னும் மதமாக்கினார். அதே காலத்தில் கெம்பலின் முதல் மணவாழ்வு முறிந்தது. அசிமோவ் போன்றவர்கள் மெல்ல விலகத் தலைப்பட்டனர். விலகியோருக்குச் செல்ல வேறு இடங்களும் இருந்தன: 1949 இல் ஒன்றும் 1950 இல் ஒன்றுமாக இரண்டு தரமான போட்டிச் சஞ்சிகைகள் தோன்றியிருந்தன.

டியூக் பல்கலைக்கழகத்தில் விழுந்த விதை இப்போது மரமாயிற்று. மனத்தின் ஆற்றலால் இயங்கும் கருவிகளை அவர் விஞ்ஞானத்தின் அடுத்த படியாகக் கண்டார். ஹைரோனிமஸ் என்பவரின் பெயரால் அறியப்பட்ட ஒரு கருவியைத் தாமே அமைத்துப் பார்த்த கெம்பல், கருவிக்குப் பதிலாக அதன் மின்சுற்றைத் தாளில் மையால் வரைந்து வைத்தாலும் அது அதேபோல் இயங்குவதாக எழுதினார். பௌதிகவியற் பட்டதாரி ஒருவர் அத்தாளைக் கண்டு கருவியைச் சந்தேகித்திருக்க வேண்டும். அவரோ பௌதிகவியலைச் சந்தேகித்தார். 1960 இல் சஞ்சிகையின் பெயர் 'அனலொக்' என மாறியது. ஆசிரியரின் விருப்பமறிந்த எழுத்தாளர்கள் மனோசக்திக் கதைகளை வாரி வழங்கினர். எனினும் நல்ல படைப்பை இனங்காணும் கண் அவரிடமிருந்து முற்றாக மறைந்துவிடவில்லை. பிராங் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1963 முதல் தொடராக வெளிவந்தது அவருடைய பக்கங்களில்தான்.

கிழமை தவறினாலும் தவறாமல் அவர் எழுதியவை ஆசிரியத் தலையங்கங்கள். எல்லோரும் ஏற்கும் கருத்தை எதிர்ப்பதே சிந்தனையின் அறிகுறி என்று அவர் கருதினார். ஓயாது புகைபிடித்த அவர், புகையிலையின் தீங்கு பற்றிய மருத்துவ முடிவுகளையும் தலையங்கத்திற் சாடினார். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் சம உரிமைக்காக வீதியில் இறங்கிய 1960 களில் இனவொதுக்கலை நியாயப்படுத்தி எழுதினார். அடிமை முறைக்கும் பரிந்து பேசினார். இதனை முதுமையின் தடுமாற்றமென ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. வேற்றுக்கிரகவாசிகளை மனிதர் எப்போதும் வெல்ல வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஆசிய இனத்தவரை எதிரிகளாகக் கொண்ட அவருடைய கதைக்கருவை 1941 இல் நாவலாக்க நேர்ந்த ஹைன்லைன், அதன் இனவாதத்தைத் தணிக்க முயன்றார். ஹிட்லரின் காலத்தில் வாழ்ந்த யூத இளைஞரான அசிமோவோ, இன மேன்மை பேசும் கதையை எழுதாமல் தப்புவதற்காகத் தமது 'ஃபவுண்டேஷன்' தொடரில் மனிதரைத் தவிர வேறெவரும் இல்லாத ஓர் அண்டத்தையே படைத்துக்கொண்டார். பல கோடி உலகங்களைக் கொண்ட அப்பெருங்கதையின் வெறுமை, ஓர் ஆசிரியரின் மேசையிலிருந்து வந்த வெறுமை.

1967 இல் சாமுவேல் டிலேனி என்ற இளம் கறுப்பின எழுத்தாளரின் 'நோவா' நாவல் தொடராக வெளியிடுவதற்காகக் கெம்பலுக்கு அனுப்பப்பட்டது. அதன் நாயகனின் தாய் செனகல் நாட்டவர். நாவல் தமக்குப் பிடித்திருந்ததாகவும், ஆனால் தமது வாசகர்கள் ஒரு கறுப்பின நாயகனோடு ஒன்றமாட்டார்கள் எனவும் கெம்பல் பதிலளித்ததாக டிலேனி பின்னர் எழுதினார். மூவாயிரமாம் ஆண்டுகளின் மனிதரைக் கற்பனை செய்யும்படி முப்பது வருடங்களாக வாசகர்களைக் கேட்டுவந்த ஆசிரியர், அவர்களுடைய கற்பனை இவ்விடத்தில் மட்டும் எட்டாது என்று தாமே தீர்மானித்துவிட்டார். வாசகர் விரும்பமாட்டார் என்ற வாக்கியம் நமது தொழிலில் அடிக்கடி கேட்கும் வாக்கியமாகும். அதைச் சொல்பவர் வாசகரைக் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற புதிய எழுத்தாளரின் முதற் கதையைக் கெம்பல் வெளியிட்டார். அது அலிஸ் ஷெல்டன் என்னும் பெண்ணின் புனைபெயர் என்பது உலகுக்குத் தெரியவந்தபோது கெம்பல் உயிருடன் இல்லை.

1971 ஜூலை 11 ஆம் திகதி நியூஜேர்சியில் தமது இல்லத்தில் அவர் திடீரெனக் காலமானார். வயது 61. சிறந்த சஞ்சிகைக்கான ஹியூகோ விருதை அவருடைய ஆசிரியத்துவத்தில் அச்சஞ்சிகை எட்டுத் தடவைகள் வென்றிருந்தது. 1973 முதல் புதுமுக எழுத்தாளர்களுக்கு அவர் பெயரால் விருது வழங்கப்பட்டது. 1999 இல் அதைப் பெற்றவர் ஜமேய்க்காவிற் பிறந்த கறுப்பின எழுத்தாளரான நேலோ ஹொப்கின்சன். கெம்பல் உயிரோடிருந்தால் அவருடைய கதைகளை எவ்வாறு வாசித்திருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. 2019 இல் பெயரை நீக்கியதைச் சிலர் வரலாற்றை அழிக்கும் செயலென்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. எழுத வரும் இளையோர் கையில் கொடுக்கும் பரிசில், அவர்களுட் பலரைத் தமது பக்கங்களுக்குள் அனுமதித்திராத ஒருவரின் பெயர் இருக்க வேண்டியதில்லை. அவர் உருவாக்கியவை அவ்விருதில் இல்லை. இரண்டு பக்கக் கடிதத்தோடு வீடு திரும்பிய இளைஞர்கள் பின்னர் எழுதிய நூல்களில் இருக்கின்றன.

அவ்விருதின் பெயர் மாறிய அதே ஆண்டில் கெம்பலின் புதிய நூலொன்றும் வெளிவந்தது. அவருடைய வரலாற்றை எழுதிய அலெக் நெவாலா-லீ, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருந்த கெம்பலின் தாள்களுக்குள் தென்துருவக் கதையின் நீண்ட மூலப் பிரதியைக் கண்டெடுத்திருந்தார். 'ஃபுரோசன் ஹெல்' என்ற பெயரில் அது அச்சாகியது. பனியிலிருந்து அவ்வுயிரி அகழ்ந்தெடுக்கப்படுவதை விரிவாகக் கூறும் அதன் ஆரம்பப் பகுதி, 1938 இல் அச்சான வடிவத்தில் இல்லை. சுமார் 45 பக்கங்கள் கொண்ட அப்பகுதியை நீக்கியவர் கெம்பல்தான்.